கேள்வி கேட்கக் கூடாத அறிவியல் வகுப்பு

பத்தாம் வகுப்பில் பரிணாமம் பாடம் நடந்த அன்று, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் எழுந்து, "மிஸ், அப்படின்னா ஆதாம் ஏவாள்?" என்று கேட்டான். கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பையன். நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டான். மிஸ் ஒரு விநாடி யோசித்துவிட்டு, "இது பரீட்சைக்கு, அது வீட்டுக்கு. உட்காரு" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அப்புறம் லாமார்க்கின் ஒட்டகச்சிவிங்கிக்குப் போய்விட்டோம்.

ரொம்ப சாமர்த்தியமான பதில் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யார் மனமும் புண்படவில்லை, பாடமும் முடிந்தது, வேறென்ன வேண்டும்? அமெரிக்காவில் நடந்த டோவர் வழக்கைப் பற்றிப் படித்த பிறகு அந்தப் பதில் எனக்குக் கசக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

டோவர் என்பது பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கும் ஒரு சிறிய ஊர். அங்கே அரசுப் பள்ளிகளை நடத்துவது, ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு போர்டு. 2004 அக்டோபரில் அந்த போர்டு ஒரு தீர்மானம் போட்டது. ஒன்பதாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் ஆரம்பிக்கும் முன் மாணவர்களுக்கு ஓர் அறிக்கையை வாசித்துக் காட்ட வேண்டுமாம். அறிக்கையின் சாரம் இதுதான்: டார்வின் சொன்னது ஒரு தியரி, நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல; அதில் ஓட்டைகள் இருக்கின்றன; 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறொரு விளக்கமும் உண்டு; வேண்டுபவர்கள் நூலகத்தில் இருக்கும் இன்ன புத்தகத்தைப் படிக்கலாம்; உயிரின் தோற்றம் பற்றிய பேச்சை மாணவர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் பள்ளி விட்டுவிடுகிறது.

கடைசி வரியைக் கவனித்தீர்களா? எங்கள் மிஸ் சொன்ன அதே "அது வீட்டுக்கு"!

அறிவியல் ஆசிரியர்கள் அதை வாசிக்க முடியாது என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். தெரிந்தே பாடத்தைத் திரித்துச் சொல்வது தங்கள் தொழில் நெறிக்கு விரோதம் என்பது அவர்கள் வாதம். (மேலே இருந்து சர்க்குலர் வந்தால் நம் ஊரில் எத்தனை பேர் இப்படி எழுதிக் கொடுப்பார்கள்?) எனவே 2005 ஜனவரியில் நிர்வாக அதிகாரிகளே வகுப்புக்கு வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். மாணவர்கள் இதைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது, கேட்டாலும் ஆசிரியர்கள் பதில் சொல்ல மாட்டார்கள் என்றும் சொல்லப்பட்டது.

எனக்கு இந்த இடம்தான் முக்கியம். போர்டு ஆதரவாளர்கள் ஊரெல்லாம் சொன்னது, "இரண்டு பக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் யோசிக்கட்டும்" என்று. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் பிள்ளைகள் யோசிக்க ஆரம்பித்தால் முதலில் வருவது கேள்விதானே? அதற்குத் தடை போட்டுவிட்டு என்ன யோசனை?

'தியரி' என்ற வார்த்தையும் ஒரு பெரிய வம்பு. நமக்குத் தியரி என்றால் பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம். "அதெல்லாம் தியரிப்பா, நடைமுறைக்கு ஒத்து வராது" என்போம். ஆங்கிலம் பேசுபவர்களும் சும்மா ஓர் ஊகத்தை அப்படிச் சொல்கிறார்கள். அறிவியலில் அது ஏராளமான சான்றுகளை ஒன்றாகக் கட்டி விளக்குகிற கோட்பாடு. நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் இந்த அர்த்தத்தில் ஒரு தியரிதான். அதற்கு யாரும் எச்சரிக்கை அறிக்கை வாசிப்பதில்லை.

பதினோரு பெற்றோர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2005 செப்டம்பர் 26 அன்று விசாரணை தொடங்கி, ஆறு வாரம் நடந்தது. அதில் வெளிவந்த விஷயங்களை வைத்துத் தனியாக ஒரு சினிமாவே எடுக்கலாம். நூலகத்தில் வைத்த புத்தகங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று தனக்குத் தெரியாது என்ற போர்டு உறுப்பினர், தன் சர்ச்சிலேயே அதற்கு வசூல் பண்ணியிருந்தது தெரியவந்தது. அந்தப் புத்தகத்தின் பழைய கைப்பிரதிகளையும் கோர்ட்டில் எடுத்து வைத்தார்கள். முந்தைய பிரதிகளில் 'படைப்பு' என்று இருந்த இடத்திலெல்லாம் பிற்பாடு 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தார்கள். அரசுப் பள்ளியில் படைப்புவாதத்தைக் கற்பிக்கக் கட்டாயப்படுத்துவது செல்லாது என்று 1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னதும் செய்த மாற்றம் இது. அவசரத்தில் ஓரிடத்தில் பழைய வார்த்தையை முழுக்க அழிக்காமல் நடுவில் புதியதை ஒட்டிவிட்டார்கள். தமிழில் சொன்னால் 'படைவடிவமைப்பு ஆதரவாளர்கள்வாதிகள்' என்பது மாதிரி ஒரு விநோத ஜந்து! பரிணாமத்தில் இடைநிலை உயிரினம் எங்கே என்று கேட்டவர்களின் புத்தகத்திலேயே ஒன்று கிடைத்துவிட்டது :-)

2005 டிசம்பர் 20 அன்று 139 பக்கத் தீர்ப்பு. அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல, அதை அரசுப் பள்ளியின் அறிவியல் வகுப்பில் நுழைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றார் நீதிபதி ஜான் ஜோன்ஸ். அவர் நாத்திகர் இல்லை, லூத்தரன் கிறிஸ்தவர், குடியரசுக் கட்சிக்காரர், ஜார்ஜ் புஷ் நியமித்தவர். தீர்ப்புக்கு முன்பே, நவம்பர் தேர்தலில், போட்டியிட்ட எட்டு போர்டு உறுப்பினர்களையும் ஊர் மக்கள் தோற்கடித்திருந்தார்கள். வழக்குச் செலவுக்குப் பள்ளி நிர்வாகம் சுமார் 10 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அதுவும் மக்கள் வரிப்பணம்தான்.

விசாரணையில் இன்னொரு காட்சி. அறிவார்ந்த வடிவமைப்பை ஆதரித்துச் சாட்சி சொன்ன உயிர்வேதியியல் பேராசிரியர் மைக்கேல் பீஹியிடம், "அறிவியல் கோட்பாட்டுக்கு நீங்கள் தரும் வரையறையில் ஜோதிடமும் அடங்குமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அடங்கும் என்றார் பீஹி. தவறிப்போன கோட்பாடுகளும் கோட்பாடுகள்தானே என்பது அவர் விளக்கம். ஆனாலும் வரையறையை எவ்வளவு தளர்த்த வேண்டியிருந்தது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

அங்கே வக்கீல் மடக்குவதற்காகக் கேட்டது இங்கே அரசுத் திட்டமாகவே வந்தது. 2001ல் நம் பல்கலைக்கழக மானியக் குழு 'ஜோதிர் விஞ்ஞான்' என்ற பெயரில் வேத ஜோதிடத்தைப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்பாகக் கொண்டுவந்தது. விஞ்ஞானி பி.எம்.பார்கவா எதிர்த்து நீதிமன்றம் போனார். ஆந்திர உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2004ல் உச்ச நீதிமன்றமும் அப்படியே. என்ன படிப்பு வைப்பது என்பது கல்வித்துறை வல்லுநர்கள் முடிவு செய்ய வேண்டியது, யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்றது நீதிமன்றம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று நம் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. டோவரில் ஆறு வாரம் உட்கார்ந்து இது அறிவியலா என்று விசாரித்தார்கள். நாம் அந்த விசாரணைக்குள் போகவே இல்லை. ஜோதிடத்தை வரலாறாகவோ பண்பாடாகவோ படிக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. 'விஞ்ஞான்' என்று பெயர் வைத்தால் விஞ்ஞானத்துக்குரிய கேள்விகளையும் கேட்க விட வேண்டும் அல்லவா?

2023ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமத்தை எடுத்தது. பாடச்சுமை குறைப்பு என்று காரணம் சொன்னார்கள். மதம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் அப்படிக் குற்றம் சாட்டப் போவதில்லை. ஆனால் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்ததன் நியாயம் எளிமையானது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் இருக்கிறதுதான். பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளைகள் அதைப் பள்ளியில் பார்க்கவே வழியில்லை.

மதத்தை மட்டம் தட்ட இதை எழுதவில்லை. டோவரில் பரிணாமத்துக்காக முதல் ஆளாகச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் பக்தியுள்ள கத்தோலிக்கர். அந்தப் பள்ளியில் பயன்படுத்திய உயிரியல் பாடப்புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவர். நம்பிக்கையையும் பரிணாமத்தையும் தான் எப்படிச் சேர்த்து வைத்துக்கொள்கிறேன் என்று தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். எங்கள் மிஸ் இப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். "சான்று என்ன சொல்கிறது என்பதை இங்கே பார்ப்போம், அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேள்" என்றாவது சொல்லியிருக்கலாம். மிஸ்ஸை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போர்ஷன் முடிக்க வேண்டும், யாராவது பெற்றோர் வந்து சண்டை போடுவார்களோ என்ற பயம் வேறு.

அந்த நண்பன் பதினொன்றில் காமர்ஸ் எடுத்துவிட்டான். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது மில்லரைப் பற்றிச் சொன்னேன். அமைதியாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அப்போ அவர் ஆதாமை என்ன பண்ணினாராம்?" என்றான். படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.