சூப்பு நோயாளிக்கு, கறி மத்தவங்களுக்கா?

1/ தவளக்குப்பத்துல என் கிளினிக்குக்கு போன மாசம் ஒரு ஆயா வந்தாங்க. 70 வயசு தாண்டிடுச்சு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து ஆறு வாரம். கூட வந்த மருமகள் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டாங்க. "டாக்டர், மான் கறி எங்கயாச்சும் கிடைக்குமா?"

2/ ஆயா சொல்தா குடும்பம். பேரன் பிரான்ஸ்ல இருக்கார். அங்க மான் கறியை சிவப்பு ஒயின், கேரட், வெங்காயம் போட்டு மணிக்கணக்கா வேக வச்ச 'ரகூ'வை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கார். "இது மாதிரி செஞ்சு குடுங்க, ஆயா எழுந்து நடந்துடுவாங்க"ன்னு சொன்னாராம். பாசம்தான். தப்பு சொல்ல மாட்டேன்.

3/ ஆனா முதல்ல சட்டம். பிரான்ஸ்ல லைசென்ஸோட வேட்டை உண்டு. நியூசிலாந்துல மானைப் பண்ணையிலயே வளர்க்கிறாங்க. நம்ம நாட்டுல 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி புள்ளிமான், கடமான், வெளிமான் எதையும் வேட்டையாட முடியாது. அந்தக் கறியை வாங்குறதும் வீட்டுல வச்சிருக்கிறதும் குற்றம். ஜெயிலுக்குப் போகணும். யாராவது ரகசியமா கொண்டு வந்து குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லுங்க. அது என்ன கறி, எப்போ செத்தது, என்ன நோய் இருந்ததுன்னு பார்த்துச் சொல்ல யாருமே இல்ல.

4/ அதை விட முக்கியமான விஷயம்: அந்த ஆயாவுக்கு மான் தேவையே இல்ல. மான் கறியில கொழுப்பு கம்மி, உண்மைதான். ஆனா புரதத்துல மானுக்கும் ஆட்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நான் திருப்பிக் கேட்டேன், "இப்ப என்னம்மா குடுக்கிறீங்க?"

5/ "தினமும் நல்லி எலும்பு சூப்பு டாக்டர். கறியை மெல்ல முடியல, பல்லு இல்ல. அதைப் பசங்க சாப்பிட்டுடுவாங்க." எடை பார்த்தேன். ஆபரேஷனுக்கு முன்னாடி 52 கிலோ. இப்போ 46. ஆறு வாரத்துல ஆறு கிலோ. போனதுல பெரும்பங்கு சதை, அதாவது தசை. நடக்க வேண்டியதே அந்தத் தசையை வச்சுதான்.

6/ இதுதான் என் ஆதங்கம். நம்ம வீடுகள்ல நோயாளிக்குச் சூப்பு, மத்தவங்களுக்குக் கறின்னு ஒரு பங்கீடு காலங்காலமா நடக்குது. 'சத்தெல்லாம் சாறுல இறங்கிடும், கறி வெறும் சக்கை'ன்னு நம்பிக்கை. உண்மை நேர் எதிர். சத்துல பெரும்பகுதி சக்கைன்னு சொல்ற அந்தக் கறியிலதான் இருக்கு.

7/ எலும்பை எவ்வளவு கொதிக்க வச்சாலும் அதுல இருக்கிற கால்சியம் தண்ணிக்கு வர்றது ரொம்பச் சொற்பம். 1934-லயே லண்டன்ல எலும்பு, காய்கறி வேக வச்ச சாறை ஆராய்ச்சி பண்ணி, பெரிய ஊட்டம் இல்லைன்னு எழுதிட்டாங்க. கால்சியம் வேணும்னா ஒரு டம்ளர் பால்ல 200 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. 100 கிராம் கேழ்வரகுல 300-க்கு மேல.

8/ சூப்பு ஆறினா ஜெல்லி மாதிரி உறையுமே, அது ஜெலட்டின். அதுவும் புரதம்தான், ஆனா முழுமையான புரதம் இல்ல. டிரிப்டோஃபான்ங்கிற அத்தியாவசிய அமினோ அமிலம் அதுல கிடையாது. அதை மட்டும் நம்பித் தசை வளராது.

9/ கணக்குப் பார்ப்போம். நோய்ல இருந்து தேறி வர்ற முதியவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 கிராம் புரதமாவது வேணும். 46 கிலோ ஆயாவுக்கு சுமார் 55 கிராம். ஒரு கப் சூப்புல சில கிராம்தான் வரும். 100 கிராம் கறியில சுமார் 20 கிராம். ஒரு முட்டையில 6. (கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க இந்தக் கணக்கைத் தாங்களா போடாதீங்க, உங்க டாக்டரைக் கேளுங்க.)

10/ "எங்க தாத்தா சூப்பு குடிச்சே எலும்பு சேர்ந்துச்சே"ன்னு கேப்பீங்க. சேர்ந்திருக்கும். எலும்பு தானா சேரக்கூடியது. சூப்பு குடிக்காதவங்களுக்கும் சேரும். ஆனா எலும்பு சேர்ந்தும் படுக்கையை விட்டு எழ முடியாத எத்தனையோ முதியவர்களைப் பார்த்திருக்கேன். அவங்ககிட்ட குறைஞ்சது தசை.

11/ அதனால பேரன் அனுப்பின வீடியோவுல மானை மட்டும் விட்டுட்டு, செய்முறையை எடுத்துக்கிட்டேன். ஏன்னா ரகூ, ஸ்டியூ, கேரளத்து இஷ்டு எல்லாத்துலயும் ஒரு நல்ல விஷயம்: சாறும் கறியும் ஒரே பாத்திரத்துல, ஒரே தட்டுல. பிரிச்சுக் குடுக்க வழியே இல்ல.

12/ செய்முறை: அரை கிலோ ஆட்டுக்கறி. சப்பை, கால் பக்கம் கேளுங்க. அதிகம் உழைச்ச தசை முரடா இருக்கும், ஆனா நிதானமா வெந்தா அதுல இருக்கிற கொலாஜன் கரைஞ்சு பஞ்சு மாதிரி ஆயிடும். குக்கர்ல கொஞ்சம் எண்ணெய், பட்டை, கிராம்பு. கறியைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு நல்லா சிவக்க வறுங்க. ருசி அங்கதான் இருக்கு.

13/ சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, ஒரு தக்காளி சேர்த்து வதக்குங்க. மிளகு, உப்பு அளவா. கறி மூழ்கத் தண்ணி. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு 25 நிமிஷம். ஆவி அடங்கினதும் திறந்து கேரட், உருளைக்கிழங்கு போட்டு இன்னும் ஒரு விசில். மேல மிதக்கிற கொழுப்பைக் கரண்டியால எடுத்துடுங்க. கரண்டியால அழுத்தினா கறி உதிரணும். உதிரலைன்னா இன்னும் 10 நிமிஷம்.

14/ பல்லு இல்லாதவங்களுக்குக் கறியை அந்தச் சாறுலயே மசிச்சு, குழைஞ்ச சோத்தோடயோ இடியாப்பத்தோடயோ குடுங்க. ஒரே வேளையில நிறைய வேண்டாம், ரெண்டு வேளையா பிரிச்சுக் குடுங்க. மிச்சத்தை அடுப்பு மேலயே ராத்திரி முழுக்க விடாதீங்க. ஆறினதும் ஃப்ரிட்ஜ், மறுபடி நல்லாக் கொதிக்க வச்சுக் குடுங்க.

15/ கறி விக்கிற விலைக்கு தினமும் முடியாது, எனக்கும் தெரியும். வாரத்துல ஒரு நாள் கறி. மத்த நாள் முட்டை, மத்தி மீன், சுறா புட்டு, கொண்டைக்கடலை, தயிர். கணக்கு புரதத்துக்குத்தான், ஆட்டுக்கு இல்ல.

16/ இதுல டாக்டர்கள் எங்க தப்பும் இருக்கு. டிஸ்சார்ஜ் பண்ணும்போது மாத்திரையை வேளை வேளையா எழுதுறோம். சாப்பாட்டுக்கு மட்டும் 'நல்லா சாப்பிடுங்க'ன்னு ஒரே வரி. நல்லான்னா என்ன, எவ்வளவுன்னு சொல்றதில்ல. அந்த இடத்தைச் சூப்பு பிடிச்சுக்குது.

17/ அடுத்த தடவை அடிபட்ட ஒருத்தரைப் பார்க்கப் போனா, "சூப்பு குடிச்சீங்களா?"ன்னு கேக்காதீங்க. "கறி சாப்பிட்டீங்களா?"ன்னு கேளுங்க. வீட்டுல இருக்கிறவங்க காதுல விழற மாதிரி கேளுங்க.