தீர்ப்புக்கு முன்னே ஒறுப்பா?

குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே சிறுவனை அடைத்து வைப்பது உசாவல் அன்று, ஒறுப்பே! இந்திய மாகாணங்களுள் சிறார் சட்டம் முதன்முதலாகக் கண்டது அற்றைச் சென்னை மாகாணமே, ஆண்டு 1920. இன்றுள்ள 2015-ஆம் ஆண்டுச் சட்டமோ, 18 அகவை நிரம்பாதாரைச் சிறையிலும் காவல்நிலைய அறையிலும் அடைத்தலாகாது, 24 மணி நேரத்துள் இளஞ்சிறார் நயன்மைக் குழுமத்தின்முன் நிறுத்துக, பிணையில் விடுதலே பொதுநெறி, மறுப்பின் கரணியம் எழுதுக என்கின்றது.

ஆயின், விடுவித்தால் அவனுக்கே தீங்கு நேரும் எனக் கருதினும் பிணை மறுக்கலாம் என அச்சட்டமே ஒரு வாயிலையும் திறந்து வைத்துள்ளது. செல்வர் மகன் அன்றே வீடு திரும்ப, தாய் தந்தையர் கூலிக்குச் சென்ற ஏழை மகன் 'பார்ப்பாரிலன்' எனக் கூர்நோக்கு இல்லத்தில் கிடப்பானாயின், அங்கே உசாவப்படுவது குற்றமா, வறுமையா? அவன் இழந்த பள்ளி நாள்களை எந்தத் தீர்ப்பு மீட்டுத் தரும்?

பூட்டு ஒன்றே வழியன்று. நன்னடத்தை அலுவலர் கண்காணிப்பிலோ, தக்கார் ஒருவர் பொறுப்பிலோ விடவும் அச்சட்டம் இடந்தருகின்றது. அத்தக்கார் யாவர்? ஊர்தோறும் உள்ள தமிழாசிரியர்களும் இயக்கத் தோழர்களும் குழுமத்தின் ஏற்புப் பெற்று முன்வருக! இனத்தைக் காப்போம் என்பார், முதற்கண் அதன் இளங்குருத்துகளைக் காக்க!