மீன்தொட்டியின் இரைச்சலும் கலிங்கின் கல்லும்

வீட்டு மீன்தொட்டியின் வழிநீர்க் குழாய் இரைந்தால் அதன் வாயில் பஞ்சை அடைப்பதே பலரும் செய்யும் முதல் வேலை. அது பலிக்காவிட்டால் குழாயைச் சுற்றித் துணியோ தெர்மாகோலோ கட்டப்படுகிறது. இரண்டும் தவறு. முதலாவது ஆபத்தானதும்கூட. இரைச்சல் எதனால் எழுகிறது என்று கேட்காமல் அதன் வாயைப் பொத்தும் வழிகள் இவை. கேட்டால் விடை எளிது: குழாயில் நீரும் காற்றும் ஒன்றாக இறங்குகின்றன. அவற்றைப் பிரித்துவிட்டால் ஓசை இல்லை.

அமைப்பை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தொட்டிக்குக் கீழே அலமாரியில் இன்னொரு தொட்டி, அதாவது சம்பு, இருக்கும். வடிகட்டியும் பம்பும் அதில்தான். பம்பு நீரை மேலே ஏற்றுகிறது. மேல்தொட்டியின் மூலையில் உள்ள வழிவுப் பெட்டியின் பல்வரிசையைத் தாண்டி உபரி நீர் விழுகிறது. பெட்டிக்குள் நிற்கும் குழாய் அதைச் சம்புக்கு இறக்குகிறது. ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. பல்வரிசை கலிங்கு, வட மாவட்டங்களின் பேச்சில் கலங்கல். வடிகுழாய் மறுகால்.

ஓடும் நீர் தன்னளவில் பெரிதாக ஒலிப்பதில்லை. ஒலிப்பது அதில் சிக்கிய காற்று. டச்சு அறிவியலாளர் மின்னார்ட் 1933இல் இதற்குக் கணக்கும் தந்தார். நீருக்குள் அகப்பட்ட குமிழி விரிந்து சுருங்கி மணிபோல் அதிர்கிறது. குமிழி சிறுத்தால் சுருதி ஏறும். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறத்தாழ 3300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும்; 3 மில்லிமீட்டர் என்றால் 1100. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பரப்பும் இதை ஒட்டியதே. பக்கத்து அறையில் படுத்தவருக்கும் மீன்தொட்டி தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான். சொட்டும் குழாயின் ஓசையைக் கேம்பிரிட்ஜில் ஆய்ந்தவர்கள் 2018இல் வெளியிட்ட முடிவும் இதே திசையைக் காட்டியது: துளி நீரில் மோதுவது அன்று, மோதலுக்குப்பின் மேற்பரப்பின் அடியில் சிக்கும் சிறு குமிழியின் அதிர்வே அந்தச் சொட்டொலி. பாத்திரம் துலக்கும் சோப்புநீரை வாளியில் கலந்தால் ஓசை நிற்கும் என்றும் அவர்கள் கண்டார்கள். மீன்தொட்டிக்கு அந்த வைத்தியம் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காற்று எங்கே சிக்குகிறது என்பதைக் கண்டறியத் தமிழ்ச் செவிக்கு ஒரு வசதி உண்டு. ஒலிக்குறிப்புச் சொற்களை வெறும் அலங்காரமாகக் கருதும் பழக்கம் மொழியியல் வகுப்புகளிலும் இருக்கிறது. ஆனால் இரட்டைக்கிளவிகள் பல நேரங்களில் காரணத்தையே பிரித்துக் காட்டுகின்றன. சலசலவென்றால் நீர் பல்வரிசையைத் தாண்டி உயரத்திலிருந்து பெட்டிக்குள் விழுகிறது. களகளவென்றால் குழாயின் வாய்க்குள் காற்று நுழைகிறது. குபுகுபுவென்றால் குழாயின் கீழ்முனையில், சம்பில், காற்று வெளியேறுகிறது. மூன்று ஓசை, மூன்று இடம், மூன்று வைத்தியம். ‘சத்தம் வருகிறது’ என்று மட்டும் சொல்பவருக்குக் கடைக்காரர் பஞ்சைத்தான் தருவார்.

சலசலப்புக்கும் குபுகுபுவுக்கும் தீர்வு அதிகம் பேசத் தேவையில்லாதது. பெட்டிக்குள் நீர்மட்டத்தை உயர்த்தி, விழும் உயரத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் குறைத்தால் முதலாவது அடங்கும். கீழ்முனையைச் சம்பு நீருக்குள் அதே அளவு, அதற்கு மேல் வேண்டாம், ஆழ்த்தினால் மூன்றாவது பெருமளவு அடங்கும். நடுவில் இருக்கும் களகளவே சிக்கலானது.

நிமிர்ந்த குழாயில் நீர் மூன்று விதமாக இறங்கலாம். குறைந்த நீர் சுவரை ஒட்டி வழியும், நடுவில் காற்று நிற்கும், இது அமைதியானது. நீர் கூடினால் அது காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். சிறிது நேரம் குழாய் முழுதும் நிரம்பிச் சைஃபனாகி உறிஞ்சும், பெட்டி காலியாகும், காற்று புகும், சைஃபன் அறும், மீண்டும் நிரம்பும். கழிவறைத் தொட்டியைப் போல் நிமிடத்துக்கு நிமிடம் இழுத்துவிடும் ஓசை இதுதான். இன்னும் நீர் கூடி, வாய் எப்போதும் மூழ்கியே இருந்தால் காற்றுக்கு இடமே இல்லை. குழாய் முழுச் சைஃபனாக ஓடும். ஓசை அறவே இராது. இரைச்சல் என்பது இரண்டு அமைதிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட நிலை.

மீன் வளர்ப்போரிடையே டர்சோ, ஹெர்பி, பீன் அனிமல் என்று வழங்கும் மூன்று அமைப்புகளையும் இந்த வேறுபாட்டைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். டர்சோ குழாயின் தலையில் டீ இணைப்பும் கீழ்நோக்கிய எல்போவும் வைத்து, மூடியில் சிறு துளையிட்டு, சைஃபன் உண்டாகாமல் தடுக்கிறது. முதல் அமைதியை நாடுகிறது. ஹெர்பி முழுச் சைஃபனை நாடுகிறது. கீழ்ப்பகுதியில் கேட் வால்வு வைத்து ஓட்டத்தைப் பம்பின் அளவுக்கு இறுக்குகிறது. அவசரத்துக்கு இரண்டாவது குழாய் ஒன்றை வைக்கிறது. பீன் அனிமலில் மூன்று குழாய்கள்: ஒன்று முழுச் சைஃபன், இன்னொன்று மிச்சமாகும் சிறு நீரைச் சுவரோடு வழியவிடுவது, நீர்மட்டம் ஏறினால் தன் காற்றுத்துளை மூழ்கித் தானும் சைஃபனாகிவிடுவது, மூன்றாவது எப்போதும் உலர்ந்தே நிற்பது.

சைஃபனை அந்நியச் சரக்காக எண்ண வேண்டாம். சிம்ஷா ஆற்றின் மார்கோனஹள்ளி அணையில் உபரி நீரை வெளியேற்றுபவை தானியங்கிச் சைஃபன்கள். மைசூர்ப் பொறியாளர் கணேச ஐயர் வகுத்த சுருள் சைஃபன் ஷராவதி ஆற்றின் ஹிரேபாஸ்கர அணையில் நிறுவப்பட்டது. அதன் நுட்பம் புனல் வாயில் உள்ள வளைந்த தகடுகள்: நீர் சுழன்று இறங்கி, குழாயின் நடுவில் நிற்கும் காற்றைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும், காற்று போனதும் சைஃபன் பிடித்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றுவதே முழு வேலையும் என்பது அங்கும் இங்கும் ஒன்றே. புதுக்கோட்டைப் பகுதி ஏரிகளின் குமிழித் தூம்பில் நீரோடிக்கு ஒரு துளையும் சேறோடிக்கு வேறு துளையும் வைத்தவர்கள், கலந்துவரும் இரண்டைத் தனித்தனி வழியில் அனுப்பும் அறிவை உடையவர்களே.

கலிங்கின் மேல் வரிசையாக நடப்பட்ட குத்துக்கற்களுக்கும் ஒரு கதை உண்டு. கற்களுக்கு இடையே மண்ணும் புல்தரையும் அடைத்தால் ஏரியில் ஓரடி நீர் கூடுதலாக நிற்கும். கோடைப் பயிருக்கு உதவும். ஆனால் பெருமழை வரும் இரவில் அந்த அடைப்பை எடுக்க ஆள் வராவிட்டால் உடைவது கரை. மீன்தொட்டியின் பல்வரிசையிலும் குழாய் வாயிலும் பஞ்சை அடைப்பவர் செய்வது இதையே. இன்று அமைதி, நாளை பஞ்சில் பாசியும் மீன்கழிவும் சேரும், மறுநாள் வாய் அடையும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 2000 லிட்டர் ஏற்றும் பம்பு நிமிடத்துக்கு 33 லிட்டரை மேலே தள்ளுகிறது. 120 சென்டிமீட்டர் நீளமும் 45 அகலமும் கொண்ட தொட்டியில் நீருக்கும் விளிம்புக்கும் 3 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் அது தாங்குவது 16 லிட்டர். அரை நிமிடம். அதன்பின் தரை, மின்பலகை, புத்தகங்கள். சம்பு வற்றியதும் பம்பும் எரியலாம்.

எனவே ஒற்றைக் குழாயை முழுச் சைஃபனாக்கி அமைதி காண்பதும் பஞ்சின் மறுவடிவமே. 25 மில்லிமீட்டர் குழாய் முக்கால் மீட்டர் இறக்கத்தில் உராய்வு போக மணிக்குச் சுமார் 3000 லிட்டர் கடத்தும். 2000 லிட்டர் பம்புக்கு வால்வை இறுக்கியே ஆக வேண்டும். இறுக்கிய வால்வில் ஒரு நத்தை போதும். பந்து வால்வைவிடக் கேட் வால்வு இதற்கு ஏற்றது, நூலளவு திருப்ப முடியும். ஆனால் எந்த வால்வும் உலர்ந்த அவசரக் குழாய்க்கு மாற்று அன்று. அந்தக் குழாயில் வால்வே இருக்கக் கூடாது.

பெருமாட்டி போன்ற ஊர்களில் இந்த எச்சரிக்கைக்கு இன்னும் வலு உண்டு. பாலக்காட்டின் கிழக்கோரத்தில் பல கிணறுகளின் நீர் கடினமானது. ஆவியாகும் நீருக்கு ஈடாக அதையே ஊற்றும்போது வால்வின் இடுக்கில் சுண்ணாம்பு படியும். பம்புக்குச் சரியாக இறுக்கிய சைஃபன் சில மாதங்களில் தானாகவே குறுகும். குறுகுவது சத்தமின்றி நடப்பதால் யாருக்கும் தெரியாது. சித்தூர் வட்டத்து மலையாளத்தில் கம்பாலத்தறையும் வெங்கலக்கயமும் இன்றும் ‘ஏரி’தான், நீரை நிறுத்துவதும் வழியவிடுவதும் அங்கே இரு மொழியினருக்கும் பொதுவான அறிவு. 2009 வெள்ளத்தில் மூலத்தறை ரெகுலேட்டர் சேதமடைந்ததைக் கண்டவர்களுக்கு, வழி போதாத நீர் தானே வழி தேடும் என்பதை விளக்க வேண்டாம். பிளாச்சிமடை இருக்கும் பஞ்சாயத்தில், 2003இல் நிலத்தடி நீருக்காக ஒரு குளிர்பான ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த பஞ்சாயத்தில், வீட்டுக்குள் நூறு லிட்டர் தரையில் கொட்டுவது சிறு இழப்பாகக் கருதப்படாது.

ஓசை இருந்தால் இருக்கட்டும், பாதுகாப்பே பெரிது என்று வாதிடுவோரும் உண்டு. இரைச்சல் நின்றால் ஏதோ பழுது என்று தெரிந்துவிடுமாம். அரை உண்மை. பாதி சைஃபனாகும் குழாய் எப்போதும் இரைந்துகொண்டேயிருப்பதால் அதில் மாற்றம் தெரியாது. அமைதியான அமைப்பில்தான் அவசரக் குழாயில் முதல் நீர் விழும் ஓசை வீட்டையே எழுப்பும். மேலும் ஓசையைக் கேட்பவர் மனிதர் மட்டும் அல்லர். பொன்மீன், கெண்டை, வரிக்குதிரை மீன் ஆகியவற்றில் காற்றுப்பையையும் உட்செவியையும் சிற்றெலும்புகள் இணைக்கின்றன. மீன்களில் கூரிய செவியுடையவை இவை. 2004இல் வெளியான ஆய்வில், 160 முதல் 170 டெசிபல் இரைச்சலுக்கு உட்பட்ட பொன்மீன்களின் கேட்கும் திறன் பத்து நிமிடங்களிலேயே மங்கத் தொடங்கியது. மூன்று வாரம் அப்படி வைத்தவை மீள இரண்டு வாரம் ஆயிற்று. வீட்டுத் தொட்டி அந்த அளவுக்கு இரையாது. ஆனால் மீனுக்கு அந்த அறையை விட்டு எழுந்துபோகும் வசதியும் கிடையாது. வரிக்குதிரை மீனின் நடத்தையை ஆராயும் ஆய்வகங்கள் வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் ஒளி நேரத்தையும் நாள்தோறும் குறித்து வைக்கின்றன. வழிநீர்க் குழாயின் ஓசைக்கும் அந்தக் குறிப்பேட்டில் ஒரு கட்டம் தேவை.

ஆக, விற்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொளத்தூரில் வாங்கினாலும் பாலக்காட்டில் வாங்கினாலும், கண்ணாடியில் துளையிடும்போதே வடிநீருக்கு இரண்டு துளை, இயன்றால் மூன்று, இட்டுத் தர வேண்டும். நீர் நிரப்பிய பிறகு துளை போட முடியாது; நிரப்புமுன் ஒரு துளை கூடுதலாக இடுவதற்கும் ஒரு முழம் பிவிசி குழாய்க்கும் ஆகும் செலவு, தொட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அற்பம். வாங்குபவர் செய்ய வேண்டியவை இரண்டு சோதனைகள். பம்பை நிறுத்தி, மேலிருந்து இறங்கும் நீர் முழுவதையும் சம்பு தாங்குகிறதா என்று பார்த்து, மீண்டும் ஓடவிட்டால் சைஃபன் தானே பிடிக்கிறதா என்று கவனிப்பது ஒன்று. மின்சாரம் போய் வரும் ஊர்களில் இது வாரம் ஒருமுறை தானாகவே நடந்துவிடும். சைஃபனின் வால்வை முழுதும் மூடி, அவசரக் குழாய் மட்டுமே பம்பின் நீரையெல்லாம் இறக்குகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதைப் பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது, ஒரு கை பம்பின் சுவிட்சில் இருக்கச் செய்து பார்க்க வேண்டும்.