கண்ணாடிக் கதவு யாருக்கு?

கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கத்தில் கண்ணாடி வைத்து, உள்ளே திருவிழா சீரியல் லைட் போடத் தெரிகிறது இவர்களுக்கு. பவர் பட்டன் ஒயரை மதர்போர்டில் எங்கே செருகுவது என்பதை மட்டும் கடுகளவு எழுத்தில், மற்ற ஒயர்கள் மறைக்கிற மூலையில் அச்சடிக்கிறார்கள்.

மொத்தம் ஒன்பது பின். பவர் சுவிட்ச், ரீசெட், இரண்டு சின்ன விளக்கு. இதற்குத் தனித்தனியாக நூல் மாதிரி ஒயர்கள். சுவிட்ச் ஒயரைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும், விளக்கு ஒயரைத் திருப்பினால் எரியாது. பின்களின் வரிசையை இன்டெல் என்றைக்கோ வகுத்துக் கொடுத்தாயிற்று, பெரும்பாலான போர்டுகளில் அதுதான். பிறகு எல்லாவற்றையும் ஒரே பிளக்காகத் தந்தால் என்ன? சில கேபினெட்டுகளில் தருகிறார்கள். மற்றவர்களுக்கு என்ன கேடு?

பழைய ஏடி போர்டுகளைப் பார்த்தவர்களுக்கு பி-8, பி-9 என்ற இரண்டு பவர் பிளக்குகள் நினைவிருக்கும். கறுப்பு ஒயர்கள் நடுவில் சேர வேண்டும். இடம் மாறினால் போர்டு போச்சு. 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் கொண்டுவந்தது. 20 பின்னுக்கும் ஒரே பிளக், தலைகீழாக நுழையாத வடிவம். மனிதன் தவறுவான் என்று ஒப்புக்கொண்டு செய்த பொருள் ஐயா அது! 2022-ல் என்விடியாவின் விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டுகளில் புது பவர் பிளக் உருகியபோது, வாங்கியவர்கள் முழுசாகச் செருகவில்லை என்று பதில் வந்தது. முழுசாக நுழைந்ததா என்று தெரியாதபடி பிளக் செய்தது யாராம்?

எங்கள் பக்கம் இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது. சிஸ்டம் முரண்டு பிடித்தால் மெமரியைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போடுவது இங்கே பழகிய வைத்தியம். அடிக்கடி கழற்ற வேண்டிய ஊரில் எல்லாம் கைக்கு எட்ட வேண்டும். பயாஸ் பேட்டரியைக் கொண்டுபோய் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் வைத்தால்? காசு அளவு பேட்டரிக்காகப் பாதி கம்ப்யூட்டரைப் பிரித்த மெக்கானிக் பையன் கடைசியில், "புதுசா வாங்கிடுங்க சார்" என்கிறான். பென்ஷனில் புதுசா?

இப்போது பிளக்குகளைப் போர்டின் முதுகுப் பக்கம் வைக்கிற ரகமும் வந்துவிட்டது. கண்ணாடி வழியே ஒயர் தெரியாதாம். அதற்கேற்ற ஓட்டைகள் உள்ள கேபினெட் வேண்டும், பழையது காயலான் கடைக்கு. ஆயுள் முழுக்கக் கோப்பு கட்டியவன் நான். டேக் போடுவது கோப்பு அழகாக இருக்க அல்ல, அடுத்த சீட்டுக்காரர் அவிழ்த்துப் பார்க்க.

பிரெஞ்சு வழியில் படித்தவன், அந்த ஊரைக் கொஞ்சம் புகழ்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1980 முதல் அங்கே விற்கும் டிவிக்கு பெரிடெல் என்ற 21 பின் சாக்கெட்டைக் கட்டாயமாக்கினார்கள். பார்க்க அசிங்கம், ஆனால் எந்தக் கம்பெனி வீடியோவும் பொருந்தும். 2021-ல் லேப்டாப், டிவி மீது பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டச் சொன்னார்கள். நம் மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022-ல் ஒரு குழு அமைத்தது. கைபேசி, கார், விவசாயக் கருவி எல்லாம் அதன் கணக்கில் உண்டு. மதர்போர்டையும் சேர்த்து மதிப்பெண் போடட்டும். எழுத்தைப் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடிகிறதா, பேட்டரி விரலுக்கு எட்டுகிறதா என்று முதலில் பார்க்கட்டும். சீரியல் லைட்டுக்கு ஒரு மார்க்கும் கிடையாது.