அலையில்லாக் கடல்

நம் கல்லூரி வாசகசாலையின் மேற்குச் சுவர் நெடுங்காலமாக வெறுமையாய்க் கிடப்பதை யாவரும் அறிவர். ஐஸ்லாந்து நாட்டிற்குச் சென்று மீண்ட நம் பழைய மாணவர் ஒருவர், ஆங்குத் தாம் எடுத்த நிழற்படங்களுள் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு அச்சுவருக்கு அளிப்பதாக அன்புடன் உரைத்தார். மாதிரியாக இரண்டு படங்கள் வந்தன. இரண்டும் ஒரே கரையைக் காட்டுவன. ஒரே நாளில் எடுக்கப்பெற்றன. எது வேண்டுமென மாணவரை வினவியபொழுது பெரும்பாலார் முதற்படத்தையே விரும்பினர். யாம் இரண்டாவதை விரும்பினோம். முடிவு செய்யப்படுமுன்னர், சிறுபான்மையாராய் நின்ற எம் கருத்தை இவ்விதழின் வாயிலாக ஒருமுறை எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற்படத்தில் கடல் இல்லை என்றே சொல்லலாம். கரிய தூண்பாறைகள் வானை நோக்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் வெண்பட்டு விரித்தாற்போல ஒரு மென்மை பரந்து கிடக்கின்றது. அதனைப் பனி என்பதா, முகில் என்பதா, பால் என்பதா எனப் பார்ப்போர் ஐயுறுவர். அழகிய படம், அதனை மறுப்பார் இலர். முதன்முறை கண்டபொழுது யாமும் நெடுநேரம் அதன்முன் நின்றோம். இரண்டாவது படமோ அத்துணை இன்பம் தருவதன்று. முன்புறத்தில் ஓர் அலை இடிந்து விழுகின்றது. அதற்கு முந்திய அலையின் நுரை கருமணலைக் கீறிக்கொண்டு பின்வாங்குகின்றது. வலப்பக்க மூலையில் இரண்டு மூன்று நீர்த்துளிகள் கருவியின் வில்லையிற் பட்டு மங்கிய வட்டங்களாய்ப் பதிந்துள்ளன. “இது பிழைபட்ட படம் அன்றோ?” என்று தோழர் ஒருவர் நகைத்தார். அப்பிழையே எம்மை அதன்பால் ஈர்த்தது.

அக்கரையின் பெயர் ரெய்னிஸ்ஃபியாரா. ஐஸ்லாந்தின் தென்கரையில், வீக் என்னும் சிற்றூரின் அருகே உள்ளது. எரிமலைக் குழம்பு உறைந்த கல்லின் தூளே ஆங்கு மணலாய்க் கிடத்தலின், மணல் முழுதும் கரியது. கரையோரக் குன்றின் முகத்தில், தச்சன் இழைத்து அடுக்கினாற்போல, ஐந்து பட்டையும் ஆறு பட்டையுமான கற்றூண்கள் நெருங்கி நிற்கின்றன. குழம்பு ஆறுங்கால் சுருங்குகின்றது, சுருங்குங்கால் வெடிக்கின்றது, அவ்வெடிப்பு குளிர்ந்த புறத்திலிருந்து உள்நோக்கிச் செங்குத்தாய் ஓடுகின்றது. தூண்கள் பிறந்த வகை அதுவே. கடலினுள் தனித்து நிற்கும் பாறைகளுள் உயர்ந்தது ஏறத்தாழ 66 மீட்டர். கப்பலொன்றைக் கரைக்கு இழுத்துவந்த பூதங்கள், வேலை முடியுமுன் பொழுது விடிந்துவிட்டமையால் கல்லாய்ச் சமைந்தன என்பது அந்நாட்டார் கதை. கதையிலும் பொழுதே வினை செய்கின்றது என்பதை நோக்குக.

இக்கரைப் பகுதி, ஒரு காலத்தில் உண்டாகிப் பின் அசையாது நிற்பதொன்றன்று. 1918-ஆம் ஆண்டில், வீக்கிற்கு வடக்கே பனியாற்றின் கீழ் மறைந்து கிடக்கும் காட்லா எரிமலை பொங்கிற்று. பனி உருகிப் பெருகிய வெள்ளம் வாரிக் கொணர்ந்த மணலும் கல்லும், கரையை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கடலினுள் நீட்டின. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், தென்மேற்கே கடலினடியிலிருந்து நெருப்பு எழுந்து, சுர்ட்ஸி என்னும் புதுத்தீவை ஆக்கிற்று. 1967-இல் நெருப்பு அவிந்தபொழுது அத்தீவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர். இன்று அதிற் பாதியளவே எஞ்சியுள்ளது. ஏனையதை அலை தின்றுவிட்டது. நெருப்பு ஆக்க நீர் அழிக்கும் இப்போரே அந்நிலத்தின் வரலாறு. அதனைக் காட்டும் படத்திலிருந்து அலையை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? போர்க்களத்தில் ஒருவன் மட்டும் நின்று காற்றை எதிர்த்து வாள் வீசுவது போன்றதோர் காட்சியே எஞ்சும்.

அலை எங்ஙனம் நீங்கிற்று என்பதை அறியாதார் பொருட்டுச் சிறிது கூறுவோம். வில்லையின்முன் கரிய கண்ணாடி ஒன்றைப் பொருத்துவர். அது புகும் ஒளியை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். நொடியின் எட்டிலொரு பங்கில் முடிய வேண்டிய பதிவு, அதனால் இரண்டு நிமிடத்திற்கு மேல் நீள்கின்றது. அவ்விரண்டு நிமிடத்தில் எழுந்து விழுந்த அலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்து, உருவிழந்து, வெண்புகையாய் முடிகின்றன. பாறை அசையாமையின் கூர்மையாய் நிற்கின்றது. கருவி பொய் சொல்லவில்லை என்பது மெய்யே. இரண்டு நிமிடத்தை ஒரே நோக்கில் காட்டினால் கடல் அவ்வாறுதான் இருக்கும். ஆயினும் அங்ஙனம் கண்டவர் எவருமிலர்.

நிழற்படக் கலையின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழாய் இருந்தது. அக்காலத்துப் பூச்சுகள் ஒளியை மெல்லவே ஏற்றன; ஆதலின், அலையைப் பிடிக்க வேண்டுமென்று விரும்பியோர்க்கும் கடல் மங்கலாகவே பதிந்தது. 1850-களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரராகிய குஸ்தாவ் லெ கிரே, கடலலையை அதன் உருவோடு நிறுத்திக் காட்டியபொழுது மக்கள் வியந்தனர். செத் என்னும் துறைமுகத்தில் 1857-இல் அவர் எடுத்த பேரலைப் படம் இன்றும் போற்றப்படுகின்றது. அவர் வானத்தை ஒரு கண்ணாடித் தகட்டிலும் கடலை வேறொரு தகட்டிலும் எடுத்து ஒன்றாய் இணைத்தார் என்பதையும் யாம் மறைக்கவில்லை. அங்ஙனம் தந்திரம் செய்தும் அவர் நாடியது அலையைப் பெறுதற்கே. அவர் அரிதிற் பெற்றதை, இன்றையோர் விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியால் தொலைக்கின்றனர்!

இதற்கு மறுப்பு உண்டு. கலை என்பது கண்டதைக் கண்டவாறே படியெடுப்பதன்று என்பர். ஒப்புகின்றோம். மைக்கேல் கென்னா என்னும் ஆங்கிலேயர், இரவில் மணிக்கணக்காய்க் கருவியைத் திறந்து வைத்துக் கடலையும் கரையையும் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள் புகழ் பெற்றவை. ஆயினும் அவர் அச்சுகள் பெரும்பாலும் ஒரு சாண் அளவினவே. அவற்றை அருகிற் சென்று, குனிந்து, ஒருவர் தனியே காணவேண்டும். அது ஒருவர் தம்முள் கண்ட கனவு என்பது உடனே விளங்கும். அதே முறையை ஆறடி அகலத்திற்கு விரித்துப் பொதுச்சுவரில் மாட்டினால், கனவு செய்தியாகிவிடுகின்றது: ‘இவ்விடம் இத்தகையது’ என்று அது பறைசாற்றுகின்றது. வாசகசாலைக்கு அமைதி வேண்டாவா என்று வினவுவாரும் உளர். நம் வாசகசாலையில் அமைதிக்குக் குறைவில்லை; பிற்பகல் இரண்டு மணிக்குச் சென்று நோக்கினால், நூலின்மேல் தலைசாய்த்தோரின் அமைதியே மிகுதி.

அழகினும் பெரியதொன்று இங்குளது. ரெய்னிஸ்ஃபியாராவின் தெற்கே, பல்லாயிரம் மைல் அளவும் அலையைத் தடுக்கும் நிலமில்லை. அமைதியாய்ப் பல அலைகள் வந்து மீண்டபின், முன்னறிவிப்பின்றி ஒரு பேரலை கரையின்மேல் நெடுந்தூரம் ஏறி, நிற்போரை வாரிச் செல்லும். இந்நூற்றாண்டில் ஆங்கு உயிரிழந்த பயணிகள் பலர். 2022-ஆம் ஆண்டில் அலையின் வலிமைக்கேற்ப நிறம் மாறும் எச்சரிக்கை விளக்குகள் அமைக்கப்பெற்றன. கடலுக்கு முதுகு காட்டாதீர் என்பதே அங்கு வருவோர்க்கு முதற்கண் கூறப்படும் அறிவுரை. அவர்களுட் பலரும் அவ்விடத்தை முதலிற் கண்டது படங்களின் வாயிலாகவே என்று கருதுவது தவறாகாது. பால்போற் படுத்திருக்கும் கடலைச் சுவரிற் கண்டு பழகிய கண், நேரிற் காணும் கடலையும் அங்ஙனமே நம்பாதா? படம் எடுத்தவர்மேல் பழி சுமத்துவது எம் கருத்தன்று. படத்தைத் தெரிந்தெடுக்கும் நமக்கும் அதில் பங்குண்டு என்பதே எம் கவலை.

தமிழ் பயிலும் எமக்கு வேறொரு நினைவும் எழுகின்றது. தொல்காப்பியனார் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என வகுத்தார். பொழுது கழிந்த நிலம் அவர்க்குப் பாதிப் பொருளே. முதற்படத்தில் நிலம் உண்டு. ஆயின் அது காலையா மாலையா, கடல் ஏறுகின்றதா வடிகின்றதா என எவராலும் சொல்ல இயலாது. இரண்டாவதில், அலை விழும் அந்நொடியே பொழுதாய் நிற்கின்றது.

இரண்டாவது படம் எங்ஙனம் எடுக்கப்பட்டது என்று அன்பரைக் கேட்டு எழுதினோம். நொடியின் நான்கிலொரு பங்கில் எடுத்தாராம். அலை பின்வாங்கும்பொழுது முக்காலியின் கால்கள் மணலிற் புதைந்தன எனவும், அடுத்த அலையின் ஓசை கேட்டு அதனைப் பிடுங்கித் தோளிற் சாய்த்துக்கொண்டு ஓடினார் எனவும் மறுமொழி எழுதினார். முதற்படத்தை மேட்டில் நின்று, தேநீர் அருந்திக்கொண்டே எடுத்தாராம்!

இரண்டாவதைத் தெரிந்தெடுப்பின், அச்சிடுதல் பற்றியும் ஒரு விண்ணப்பம் உண்டு. கருமணல் ஒரே கருமையன்று. நனைந்த மணல் ஈயம்போல் மின்னும். உலர்ந்தது சாம்பல் பூத்திருக்கும். பளபளப்பான தாளில் கருமை ஆழமாய் விழுமாயினும், கிழக்குச் சாளரங்களின் காலை வெயில் அதன்மேற் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். ஆதலின் பருத்தித் தாளில், எளிதில் வெளிறாத நிறமி மையால் அச்சிடுதல் நன்று. சட்டத்தின் அடியில் கரையின் பெயரும், எடுத்த நாளும் பொழுதும், ‘கால் நொடி’ என்னும் அளவும் தமிழிற் பொறிக்கப்பட வேண்டும். மூலையிலுள்ள நீர்த்துளிகளைக் குறையெனக் கருதி அச்சிடுவோர் துடைத்துவிடாதிருக்குமாறு அன்பர் அவர்கட்கு இப்பொழுதே சொல்லி வைக்கவும் வேண்டுகின்றோம்.