பரவுவதற்குப் புதிய பிழை தேவையில்லை

அதிர்ஷ்டம் அடித்தவனை 'மச்சக்காரன்' என்கிறோம். மச்சம் உள்ள எல்லோரும் ஒருவகையில் அதிர்ஷ்டக்காரர்கள்தான் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வைப் படித்தால் தோன்றும். அதில் சோதிக்கப்பட்ட சாதாரண மச்சங்களில் சுமார் 80 சதவீதத்தில், பிராஃப் என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பிறழ்வு இருந்தது. தோல் புற்றுகளில் மிகக் கொடியதான மெலனோமாவில் அதே பிறழ்வை 2002-இல்தான் கண்டுபிடித்திருந்தார்கள். மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதி அதைச் சுமக்கின்றன. ஒரே பிழை. மச்சம் பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சாதுவாகக் கிடக்கிறது; மெலனோமா நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்ச் சேருகிறது.

மெலனோமாவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்தப் பயணம்தான். தோலில் முதலில் எழுந்த கட்டியையும் உடலுக்குள் பரவிய கட்டியையும் ஒப்பிட்டால், முக்கியமான பிறழ்வுகள் பெரும்பாலும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன. பரவலுக்கென்று தனியாக ஒரு பிறழ்வு கைக்குச் சிக்கவில்லை. 'மரபணுக் கோளாறு' என்றதும் எழுத்துப் பிழையையே நினைத்துக்கொள்ளும் நம் பழக்கம் இங்கே உதவாது. கல்லீரல் செல்லிலும் கண் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏ. எந்த மரபணு எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு. அந்த ஒழுங்குமுறை குலைவதே பரவலுக்குப் பெரிய காரணம் என்பது என் வாசிப்பு.

மெலனோமா பிறக்கும் நிறமிச் செல்லின் பூர்வகதை இதற்குத் துணை நிற்கிறது. கருவில் அது தோலில் உருவாவதில்லை. முதுகுப் பக்கம் நரம்புக் குழாயை ஒட்டிய 'நரம்பு முகடு' என்ற இடத்தில் தோன்றி, உடல் முழுக்க நடந்துபோய்த் தோலில் குடியேறுகிறது. நடப்பதற்கான குறிப்பு அதன் டிஎன்ஏவிலேயே இருக்கிறது. குடியேறிய பின் அந்தப் பக்கங்கள் மூடப்படுகின்றன. 2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மனித மெலனோமா செல்களைக் கோழிக்கருவின் நரம்புக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள். அவை அங்கே கட்டியாகவில்லை. கோழியின் நரம்பு முகட்டுச் செல்கள் போகும் தடங்களிலேயே புறப்பட்டுப் போயின. மூடிய பக்கம் மறுபடி திறந்துகொண்டால் வழி தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை போலும்.

திறப்பதும் மூடுவதும் யார் கையில்? முக்கியமான ஆள் எம்ஐடிஎஃப் என்ற புரதம். நிறமிச் செல்லின் பல மரபணுக்களுக்கு அதுதான் மேலாளர். காலின் கோடிங் குழுவினர் 2006-இல் முன்வைத்த விளக்கத்தை நம் வீட்டு ஃபேன் ரெகுலேட்டரோடு பொருத்திப் பார்க்கலாம். அளவு மிக உயர்ந்தால் செல் நிறமி தயாரித்துக்கொண்டு அடங்கியிருக்கும், நடுவில் பெருகும், தாழ்ந்தால் பெருக்கத்தைக் குறைத்து ஊடுருவக் கிளம்பும். சூரிச்சில் கீத் ஹோக் குழுவினர் 2008-இல் பெருகும் வகைச் செல்களையும் ஊடுருவும் வகைச் செல்களையும் தனித்தனியே எலிகளில் செலுத்தினார்கள். எந்த வகையில் தொடங்கினாலும், வளர்ந்த கட்டியில் இரு வகையும் இருந்தன. கிளம்பிய செல் போன இடத்தில் மறுபடி பெருகத் தொடங்குகிறது என்றால், டிஎன்ஏவில் ஓர் எழுத்துகூட மாறாமலே பரவல் நடக்க முடியும்.

மருந்துகள் தடுமாறுவதிலும் பிறழ்வில்லாத இந்த நிலைமாற்றத்துக்குப் பங்கு உண்டு. பிராஃப் பிறழ்வைக் குறிவைக்கும் வெமுராஃபெனிப் 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிகள் வேகமாகச் சுருங்கின. பலருக்குச் சில மாதங்களிலேயே திரும்பவும் வளர்ந்தன. 2017-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அர்ஜுன் ராஜ் குழுவினர் காட்டியது இன்னும் சங்கடமானது: மருந்து வருமுன்பே, மரபணு அளவில் ஒன்றேபோன்ற செல்களுக்கிடையே மிகச் சில, தற்காலிகமாக எதிர்ப்பு மரபணுக்களை முடுக்கிவிட்டபடி இருந்தன. பிறழ்வுகளை மட்டும் பட்டியலிடும் பரிசோதனை அறிக்கையில் இந்தச் செல்கள் தென்படாது. அறிக்கை பயனற்றது என்று சொல்லவில்லை. எந்த மருந்தில் தொடங்குவது என்று அது சொல்லும். அதையே நோயின் முழு ஜாதகமாக எடுத்துக்கொள்வதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மெலனோமா வெள்ளைக்காரர் நோய் என்று நாம் ஒதுக்கிவிடவும் முடியாது. கருந்தோல் உள்ளவர்களுக்கு அது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தடியில். 1981-இல் பாப் மார்லியின் உயிரைப் பறித்த நோய் அவர் கால்விரலில்தான் தொடங்கியது. இந்த வகைக்கு வெயிலைப் பெரிதாகக் குறைசொல்ல முடியாது. பிராஃப் பிறழ்வும் இதில் குறைவு. ரிச்சர்ட் ஒயிட் குழுவினர் 2022-இல் வரிக்குதிரை மீன்களில் இதன் மரபணு மாற்றங்களைப் புகுத்தியபோது, கட்டிகள் உடலைவிடத் துடுப்புகளில் அதிகம் எழுந்தன. கை, கால், துடுப்பு ஆகியவற்றின் நுனியை வகுக்கும் ஹாக்ஸ்13 மரபணுக்கள் வளர்ந்த பிறகும் அங்கே வேலை செய்கின்றன; குறிப்பிட்ட சில பிறழ்வுகளுக்கு அந்த இடமே தோதாகிவிடுகிறது.

சரி, ரெகுலேட்டரை நாமே திருப்பிவிடலாமா? டிஎன்ஏவைச் சுருட்டி மூடும் ஈஇசட்எச்2 என்ற நொதியைத் தடுத்தபோது எலிகளில் மெலனோமா பரவல் குறைந்ததாக 2015-இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் எம்ஐடிஎஃப் கதை எச்சரிக்கிறது. தாழ்ந்த அளவைச் சற்றே ஏற்றினால் ஊடுருவல் அடங்கும், பெருக்கம் தொடங்கும். பெருகும் செல்லைக் கொல்லும் மருந்தையும் அதே வேளையில் கொடுத்தாக வேண்டும். எதை முதலில், எத்தனை நாள் என்பதில்தான் சிக்கலே.