ஏரி போன ஊர்

ஊர் இருக்க, ஏரி போவதும் உண்டோ என்று நேயர்கள் வினவலாம். உண்டு. யப்பானின் வடபால் அகிதா மாவட்டத்தில் ஹாச்சிரோகட்டா என்றொரு பேரேரி இருந்தது. பரப்பு ஏறத்தாழ 220 சதுர கிலோமீற்றர். பீவா ஏரிக்கு அடுத்தபடியாக அந்நாட்டிற் பெரியது அதுவே. கடலோடு தொடுப்புண்ட உவர்நீராதலின் மீனும் மட்டியும் மலிந்தன. கரையூர்கள் அவற்றால் வாழ்ந்தன.

போருக்குப் பின் நேர்ந்த உணவுத் தட்டுப்பாட்டை எண்ணிய அரசு, 1957 இல் ஏரியை வயலாக்கும் பணியைத் தொடங்கிற்று. அணைகட்டி நீரை இறைக்க, ஏறத்தாழ 17,000 ஹெக்டேயர் நிலம் எழுந்தது. 1964 இல் ஓகட்டா என்னும் புதிய கிராமமும் பிறந்தது. ஆனால் 1970 இல் அதே அரசு, நெல் மிகுந்துவிட்டது, பயிரைக் குறையுங்கள் என்றது! எஞ்சிய நீரும் கடலினின்று அடைபட்டமையால் மட்டி அருகிற்று. கோடையிற் பாசி படர்ந்தது. ஏரியின் பெயரைத் தாங்கிய சிறு நகர் இன்றும் அங்கே உண்டு. ஏரியோ பெரும்பாலும் வயல்.

இக்கதையை நாம் எடுத்ததற்குக் காரணம் தொண்டைமானாறு. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நம் குடாநாட்டில் அது பெயரளவிலேயே ஆறு. உண்மையில் வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் வாய். கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தது என்பது கன்னபரம்பரை. செல்வச்சந்நிதி முருகன் வீற்றிருப்பதும் அதன் கரையிலேதான். மாரிநீரைத் தேக்கி உவரைப் போக்கும் நோக்குடன் அங்கே எழுந்த தடுப்பணை 1953 இல் நிறைவெய்தியது. மறு ஆண்டில் பொறியியலாளர் ஆறுமுகம் அவர்கள் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை வகுத்தார். கனகராயன் ஆற்று நீரை ஆனையிறவிலே தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொணர்வது அதன் சாரம். வாய்க்கால் முற்றுப்பெறாமலே நின்றது; பின்னர் போரும் வந்தது.

ஒருநாள் மாணவர் சிலருடன் அவ்வணையருகே நின்றோம். “கதவைப் பூட்டினாற்றான் எங்கள் கிணறு தப்பும்” என்றார் ஒரு கமக்காரர். வீச்சுவலையோடு நின்ற முதியவரோ, “பூட்டினால் இறால் எப்படி வரும், தம்பி?” என்றார். மாணவர்கள் எம் முகத்தைப் பார்த்தனர். எமக்கு உடனே விடை வரவில்லை. இருவர் கூற்றும் மெய்யல்லவா?

நன்னீர் நமக்கு வேண்டியதே. சுண்ணக்கல்லினுள்ளே உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் மிகச் சிறிது; அளவு மீறி இறைத்தால் உவரேறும். ஆயினும், கதவைப் பூட்டுமுன் வலைஞரையும் திறக்குமுன் கமக்காரரையும் கேட்பதே முறை. நீரின் பெயரைத் தாங்கிய ஊருக்குப் பெயர் மட்டும் எஞ்சினாற் போதுமா?